பட்டியலில் ஜெயித்த போன்

ஐபோன் 3ஜியால் 2008-இல் வீடியோ எடுக்க முடியாது. படத்தோடு எம்எம்எஸ் அனுப்ப முடியாது. ஒரு வரியைக் காப்பி செய்து இன்னோர் இடத்தில் ஒட்ட முடியாது. பிளாஷ் கிடையாது, முன்பக்க கேமரா கிடையாது, மெமரி கார்டு செருக இடமும் கிடையாது. பேட்டரி சோர்ந்துபோனால் பின்மூடியைக் கழற்றி வேறு போட வழியில்லை. புளூடூத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு பாட்டுகூட அனுப்பாத அந்தப் போனுக்கு இந்தியாவில் வைத்த விலை 31,000 ரூபாய். அதுவும் 8 ஜிபி மாடலுக்கு.

அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, லண்டனில் நோக்கியா ஒரு போனை அறிமுகம் செய்தது. மேலே ‘முடியாது, கிடையாது’ என்று சொன்ன ஒவ்வொன்றும் அதில் முடியும், ஒவ்வொன்றும் உண்டு. பெயர் நோக்கியா 5800 எக்ஸ்பிரஸ்மியூசிக். வரியும் சலுகையும் சேர்க்காத அறிமுக விலை 279 யூரோ. இந்தியாவுக்கு வந்தபோது இருபதாயிரம் ரூபாயைச் சற்றே தாண்டியது. ஐபோனுக்கும் அதற்கும் இருந்த விலை இடைவெளியில் இன்னொரு நல்ல நோக்கியா போன் வாங்கிவிடலாம்.

காகிதத்தில் ஒப்பிட்டால் போட்டி அங்கேயே முடிந்துவிடும். ஆனால், இன்று டச் போன்களின் கதையைச் சொல்கிறவர்கள் 5800-ஐ ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். லட்சக்கணக்கில் விற்ற, வாங்கியவர்கள் ஆசையாக வைத்திருந்த ஒரு போன் இது. அது எங்கே சரியாக இருந்தது, எங்கே சறுக்கியது என்பதை நிதானமாகப் பார்த்தால், போன்களை மதிப்பிட அன்று எல்லோரும் கையில் வைத்திருந்த அளவுகோலின் குறையும் சேர்ந்தே தெரிகிறது.

இருபத்தோரு மாதம்

ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனை மேடையில் காட்டியது 2007 ஜனவரி 9. நோக்கியாவின் பதில் வர இருபத்தோரு மாதம் ஆயிற்று. அந்த இடைவெளியில் நோக்கியா தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொல்வது பின்புத்தி. 2008-இல் உலகில் விற்ற ஸ்மார்ட்போன்களில் பாதிக்கு மேல் சிம்பியன் இயங்குதளத்தில் ஓடியவை. அவற்றில் பெரும்பகுதி நோக்கியாவுடையவை. எல்லா வகைப் போன்களையும் சேர்த்து எண்ணினால், உலகில் விற்ற பத்துப் போனில் ஏறக்குறைய நான்கு நோக்கியா. அப்படிப்பட்ட நிறுவனத்துக்கு ஓடுகிற குதிரையை மாற்றும் அவசரம் வராது.

தொடுதிரை அவர்களுக்குப் புதிதும் அல்ல. 2004-லேயே நோக்கியா 7710 என்று ஒரு டச் போனை அறிவித்தார்கள். அகலத் திரை, கையில் ஸ்டைலஸ், தனியான ‘சீரிஸ் 90’ மென்பொருள். விற்கவில்லை. அந்த மென்பொருளையும் அதோடு மூட்டை கட்டினார்கள். இன்னும் பின்னால் போனால், 1994-இல் அமெரிக்காவில் விற்ற ஐபிஎம் சைமன் இருக்கிறது. அரைக் கிலோ எடை, 899 டாலர் விலை, திரையைத் தொட்டு நம்பர் போடலாம், மின்னஞ்சலும் அனுப்பலாம். ஆக, திரையைத் தொடுவது யாருடைய புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. தொட்டால் என்ன நடக்கிறது என்பதில்தான் 2007-இல் ஏதோ மாறியது.

5800-க்கு ஆய்வுக்கூடத்தில் வைத்த பெயர் ‘டியூப்’. அறிவிப்புக்கு முன்பே, 2008 ஜூலையில் வந்த ‘தி டார்க் நைட்’ பேட்மேன் படத்தில் அதன் முன்மாதிரி தலைகாட்டிவிட்டது. ரசிகர்கள் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து இதுதான் ‘நோக்கியாவின் ஐபோன்’ என்று கிசுகிசுத்தார்கள். நோக்கியா ஒருநாளும் அப்படி அழைக்கவில்லை. பாட்டுக் கேட்கிற இளைஞர்களுக்கான நடுத்தர விலைப் போன் என்றே விளம்பரம் செய்தது. அந்தப் பணிவு உண்மையா, தற்காப்பா என்பது அவரவர் யூகம்.

கையில் எடுத்தால்

முதல் ஆச்சரியம் அதன் ஒடுக்கம். 111 மில்லிமீட்டர் உயரம், 51.7 அகலம், 15.5 தடிமன், 109 கிராம் எடை. சட்டைப்பையில் போட்டால் தனியாகத் தெரியாது. ஒரு கையில் பிடித்தால் கட்டைவிரல் எதிர் ஓரம் வரை எட்டும். கறுப்பு முகப்பைச் சுற்றி சிவப்பிலோ நீலத்திலோ ஒரு கோடு. உடம்பு முழுக்க பிளாஸ்டிக்தான், ஆனால் நோக்கியாவின் பிளாஸ்டிக். கீழே விழுந்தால் மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம், போன் ஒரு பக்கம் தெறிக்கும். மூன்றையும் பொறுக்கிச் சேர்த்து அழுத்தினால், நோக்கியா ஆன் ஆகும்போது வருகிற அந்தக் கைகுலுக்கல் படம் மறுபடி வந்துவிடும்.

பட்டன்களைத் தேவைக்கு மட்டும் வைத்திருந்தார்கள். திரைக்குக் கீழே பச்சை, சிவப்பு, நடுவே மெனுவுக்கு ஒன்று. பக்கவாட்டில் ஒலிக்கும் கேமராவுக்கும் தனித்தனியாக. இவற்றோடு ஒரு சின்னத் தள்ளுபொத்தான்: கீழே தள்ளி விட்டால் பூட்டு, மறுபடி தள்ளினால் திறப்பு. போனைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டே கண்ணால் பார்க்காமல் திறந்துவிடலாம். பிற்பாடு வந்த எத்தனையோ போன்களில் இந்த வசதியைக் காணோம், இழப்புதான்.

சிம் கார்டு போடுகிற முறைக்கு மட்டும் யாராவது பதில் சொல்ல வேண்டும். பக்கவாட்டு மூடியைத் திறந்து உள்ளே செருகிவிடலாம். வெளியே எடுக்க வேண்டுமென்றால் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, ஸ்டைலஸின் முனையால் உள்ளிருந்து நெம்பித் தள்ள வேண்டும். இரண்டு சிம்மை மாற்றி மாற்றிப் போட்டு, எதில் நிமிடத்துக்குக் காசு குறைவோ அதில் பேசுகிற நம்மூர்க்காரர்களை அந்த வடிவமைப்பாளர் சந்தித்ததே இல்லை போலிருக்கிறது. மைக்ரோ யுஎஸ்பி துளையிலும் இதே கூத்து. கணினியில் இணைத்துப் பாட்டு ஏற்றலாம், சார்ஜ் ஏறாது. சார்ஜுக்கு நோக்கியாவின் வழக்கமான மெல்லிய பின் சார்ஜரே வேண்டும்.

பெட்டியைத் திறந்தால் 8 ஜிபி மெமரி கார்டு, ஹெட்செட், டிவியில் இணைக்கும் கேபிள், இவற்றோடு கிட்டார் மீட்டும் வில்லை வடிவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. போனின் வாரில் கோத்துத் தொங்கவிட்டு, ஸ்டைலஸுக்குப் பதிலாக அதன் முனையால் திரையைத் தட்டலாமாம். பாட்டுப் போனுக்குப் பொருத்தமான அலங்காரம் என்று பலரும் ரசித்தார்கள். தொடுதிரைப் போனோடு, திரையைத் தொடுவதற்கென்றே இரண்டு தனிக் கருவிகள் கொடுக்க வேண்டியிருந்ததைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

நகமா, விரலா?

திரையின் தரத்தில் 5800 அன்றைய எந்தப் போனுக்கும் சளைத்ததில்லை. 3.2 அங்குலத்தில் 640-க்கு 360 புள்ளிகள். ஐபோனின் 3.5 அங்குலத் திரையில் இருந்தது 480-க்கு 320. பெருக்கிப் பார்த்தால் நோக்கியாவில் சரியாக ஒன்றரை மடங்கு புள்ளிகள், அதுவும் சிறிய பரப்பில். எழுத்துகள் கத்தரித்து வைத்ததுபோல் கூர்மையாகத் தெரிந்தன. படம் பார்க்க வசதியான 16-க்கு 9 என்ற விகிதம் வேறு.

சிக்கல் அந்தத் திரைக்கு மேலே விரித்திருந்த படலத்தில்.

5800-இல் இருந்தது ரெசிஸ்டிவ் வகைத் தொடுதிரை. மேலே வளைந்து கொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம், கீழே இன்னோர் அடுக்கு. இரண்டின் உட்பக்கத்திலும் மின்சாரம் கடத்தும் இண்டியம் டின் ஆக்ஸைடு பூச்சு, கண்ணுக்குத் தெரியாது. நடுவே மயிரிழை இடைவெளி. இரண்டும் ஒட்டிக்கொள்ளாமலிருக்க நுண்ணிய புள்ளிகள். மேலே அழுத்தினால் படலம் குழிந்து கீழ்ப் பூச்சைத் தொடும். தொட்ட இடத்தின் மின்னழுத்தத்தை அளந்து, இடவலமாக எவ்வளவு, மேல்கீழாக எவ்வளவு என்று போன் கணக்குப் போடும். இதற்கு வேண்டியது அழுத்தம் மட்டுமே. அழுத்துவது விரலா, நகமா, பேனா மூடியா, கையுறை போட்ட கையா என்று அது கேட்காது.

ஐபோனின் கெபாசிட்டிவ் திரை வேறு மாதிரி. மேலே கண்ணாடி, அதன் அடியில் மெல்லிய மின்புலம். மின்சாரம் கடத்தும் விரல் அருகே வந்ததுமே அந்தப் புலத்தில் ஏற்படும் மாற்றத்தை அது உணர்ந்துகொள்ளும். அழுத்தவே வேண்டாம், பட்டால் போதும். ஒரே நேரத்தில் இரண்டு விரல் பட்டாலும் தனித்தனியாகத் தெரியும். இரு விரலால் விரித்துப் படத்தைப் பெரிதாக்குகிற வித்தை அதனால் வந்தது. 5800-இல் அது நடக்காது. இரண்டு இடத்தில் அழுத்தினால் நடுவில் எங்கோ ஓரிடத்தில் தொட்டதாக நினைத்துக்கொள்ளும்.

நோக்கியா ரெசிஸ்டிவ் திரையைத் தேர்ந்ததற்கு நியாயங்கள் இல்லாமலில்லை. விலை குறைவு. ஸ்டைலஸால் துல்லியமாகத் தொடலாம் என்பதால் சீன எழுத்துகளைத் திரையிலேயே கையால் எழுதி உள்ளிடலாம். சீனா அன்று நோக்கியாவின் மிகப்பெரிய சந்தை. நோக்கியாவின் சொந்த நாடான பின்லாந்தில் பாதி வருடம் கையுறையைக் கழற்ற மனம் வராது. எல்லாமே அர்த்தமுள்ள காரணங்கள்.

ஆனால் வாங்கியவர் என்ன செய்தார்? முதல் நாள் கட்டைவிரலின் சதைப்பகுதியால் மெல்லத் தடவிப் பார்த்தார். போன் அசையவில்லை. கொஞ்சம் அழுத்தினார், பக்கத்து ஐகான் திறந்தது. ஒரு வாரத்துக்குள் தானாகவே நகத்தால் தட்டப் பழகிக்கொண்டார். நகத்தால் தட்டினால் 5800 அற்புதமாகக் கேட்கும். தட்டியதும் லேசாக அதிர்ந்து ‘சரி, வாங்கிக்கொண்டேன்’ என்று விரலுக்குப் பதிலும் சொல்லும். அந்த அதிர்வு நல்ல வேலைப்பாடு. அன்றைய ஐபோனில் இல்லாதது. இருந்தும், தட்டுவது ஒரு பழக்கம், தடவுவது வேறொரு பழக்கம். உலகம் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டது.

உள்ளே பழைய வீடு

திரையைக்கூட மன்னித்துவிடலாம். 5800-ஐ உண்மையில் பின்னுக்கு இழுத்தது உள்ளே இருந்த மென்பொருள்.

சிம்பியனின் எஸ்60 முகப்பு நோக்கியா 7650 என்ற போனோடு 2002-இல் கடைக்கு வந்தது. எண் பட்டன்கள், நடுவே நாலு பக்கமும் நகரும் ஒரு பட்டன், திரைக்குக் கீழே இடமும் வலமும் ஒவ்வொன்று: இடதை அமுக்கினால் ‘ஆப்ஷன்ஸ்’, வலதை அமுக்கினால் ‘பேக்’. கட்டைவிரல் ஒன்றாலேயே எல்லா வேலையும் நடக்கும்படி வகுத்த நல்ல முறை. ஆறு ஆண்டுகள் கழித்து அதன் ஐந்தாம் பதிப்பில் டச் வந்தபோது, பட்டன்களை எடுத்துவிட்டு அவற்றின் பெயர்களை மட்டும் திரையில் அப்படியே விட்டுவைத்தார்கள். பழைய ஓட்டு வீட்டுக்குத் தெருப்பக்கம் மட்டும் கண்ணாடி முகப்பு வைத்துக் கட்டின கதை.

விளைவை ஒரு சின்னக் காரியத்தில் பார்க்கலாம். மெனுவில் ஓர் ஐகானை ஒரு முறை தட்டினால் திறக்கும். அதே கையோடு தொடர்புகளின் பட்டியலுக்குள் போய் ஒரு பெயரைத் தட்டினால் திறக்காது. அந்தப் பெயரின் மேல் ஒரு நிறப்பட்டை மட்டும் விழும். இன்னொரு முறை தட்டினால்தான் உள்ளே போகும். ஏனென்றால் பட்டன் காலத்தில் முதலில் பட்டையை நகர்த்திக் கொண்டுபோய் வைக்க வேண்டும், பிறகு நடுப் பட்டனை அமுக்க வேண்டும். பட்டன் போன பிறகும் பட்டை போகவில்லை. எங்கே ஒரு தட்டு, எங்கே இரண்டு தட்டு என்பதைப் பயன்படுத்துகிறவர் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

நீளமான பட்டியலை நகர்த்துவதும் அப்படித்தான். சில இடங்களில் ஓரத்தில் இருக்கிற ஒல்லிப் பட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும். விரலை எடுத்த நொடியில் பட்டியல் சடக்கென்று நின்றுவிடும். ஐபோனில் விரலால் சுண்டிவிட்டால் பட்டியல் தானே ஓடி, மெல்ல வேகம் குறைந்து நிற்கும். கடையில் ஐபோனைக் கையில் வாங்கிய யாரும் முதலில் செய்து பார்த்தது இதைத்தான். வசதிப் பட்டியலில் இதற்கென்று ஒரு வரிகூடக் கிடையாது.

தட்டச்சு செய்யப் போனால் இன்னொரு தலைவலி. போனை நேராகப் பிடித்தால் பழைய எண் பட்டன்களின் படமே வரும். ‘சி’ எழுத்துக்கு இரண்டாம் எண்ணை மூன்று முறை தட்ட வேண்டும். படுக்கவைத்தால் முழு விசைப்பலகை வரும், ஆனால் திரை முழுவதையும் அதுவே பிடித்துக்கொள்ளும். எந்தப் படிவத்தில் எழுதுகிறோம் என்பது கண்ணிலிருந்து மறைந்துவிடும். பழைய சிம்பியன் போன்களுக்கென்று எழுதிய செயலிகளைப் போட்டாலோ, திரையின் ஒரு பகுதியில் பட்டன்களைப் படமாக வரைந்து காட்டும். தொடுதிரையில் பட்டனின் படத்தை அமுக்கி விளையாட வேண்டும்.

இதே மென்பொருளின் பெருமையையும் சொல்லாமல் விடக்கூடாது. குறைந்த நினைவகத்தில் பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டுவதில் சிம்பியன் கெட்டிக்காரன். பாட்டு ஓடும், பின்னால் கோப்பு இறங்கும், நடுவே குறுஞ்செய்தி அடித்துவிட்டு உலாவிக்குத் திரும்பினால் பக்கம் விட்ட இடத்திலேயே இருக்கும். ஐபோனில் வெளியார் செயலிகளுக்கு இந்தச் சுதந்திரம் கிடைத்தது 2010-இல்தான்.

வேகம் யார் பக்கம்?

பரிசோதகர்கள் அன்று அதிகம் தவறவிட்ட இடம் இது. இரண்டு போன்களின் மூளையும் ஏறத்தாழ ஒன்றே. 5800-இல் 434 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஏஆர்எம்11; ஐபோன் 3ஜியில் 412 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏஆர்எம்11. இரண்டிலும் நினைவகம் 128 எம்பி. எண்களைப் பார்த்தால் நோக்கியா ஓர் அங்குலம் முன்னால்.

ஐபோனில் கூடுதலாக இருந்தது, படங்களை வரைவதற்கென்றே ஒரு தனிச் சில்லு. விரல் நகர்ந்தால் திரையும் கூடவே நகர வேண்டும் என்ற ஒரே வேலைக்கு அந்தச் சில்லையும் மென்பொருளையும் சேர்த்துப் பழக்கியிருந்தார்கள். 5800-இல் அந்த வேலையையும் மூளையே இழுத்துச் செய்தது, அதுவும் ஒன்றரை மடங்கு புள்ளிகளுக்கு. போனைப் படுக்கவைத்தால் திரை திரும்ப ஒரு நொடி யோசிக்கும். புகைப்படத் தொகுப்பைத் திறந்தால் சின்னப் படங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். போன் மெதுவானது என்று சொல்ல முடியாது. விரலுக்குச் சற்றுப் பின்னால் வருகிறது என்று சொல்லலாம். விரலால் இயக்கும் கருவியில் அந்தச் சற்றே போதும்.

பேட்டரியில் கதை தலைகீழ். 1320 மில்லி ஆம்பியர்-மணி பிஎல்-5ஜே பேட்டரி. பாட்டு மட்டும் கேட்டால் 35 மணி நேரம் தாங்கும் என்றது நோக்கியா. சாதாரணமாகப் பேசி, பாட்டுக் கேட்டு, கொஞ்சம் இணையம் பார்க்கிறவருக்கு ஒரு நாளைத் தாண்டி மறுநாளும் வரும். தீர்ந்தால் பையில் இருக்கிற இன்னொன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அந்த வகைப் பேட்டரியின் ஆயுள் போனைவிட நீண்டது. பின்னாளில் லூமியா 520-க்கும் அதே பிஎல்-5ஜேவைத்தான் வைத்தார்கள்.

பாட்டுக்கு ஒரு போன்

பெயரிலேயே மியூசிக் இருந்தது. அந்த வாக்கை 5800 காப்பாற்றியது. ஒரே விளிம்பின் இரு முனைகளில் இரண்டு ஸ்பீக்கர். போனைப் படுக்கவைத்துப் பிடித்தால் இடமும் வலமும் பிரிந்து கேட்கும். சத்தமும் தாராளம், விடுதி அறை நிறையும். 3.5 மில்லிமீட்டர் துளை இருந்ததால் எந்த ஹெட்போனையும் நேராகச் செருகலாம். திரைக்கு மேலே ஒரு சின்னத் தொடுகுறி. எந்த இடத்திலிருந்தாலும் அதைத் தொட்டால் பாட்டு, படம், உலாவிக்கான குறுக்குவழிகள் கீழே இறங்கி வரும். எஸ்60-இன் குழப்பத்துக்குள் யாரோ ஒருவர் தெளிவாக யோசித்த இடம் அது.

தமிழ் ரசிகருக்கு இந்த எக்ஸ்பிரஸ்மியூசிக் வரிசையோடு இன்னொரு தொடர்பும் உண்டு. ஏ.ஆர்.ரஹ்மானின் ‘கனெக்‌ஷன்ஸ்’ ஆல்பம் நோக்கியாவுடன் சேர்ந்து உருவானது. கடைகளில் குறுந்தகடாகக் கிடைப்பதற்கு முன் எக்ஸ்பிரஸ்மியூசிக் போன்களின் வழியாகவே வெளியானது. ஆஸ்கர் வாங்கிய இசையமைப்பாளரின் புதுப் பாட்டைக் கேட்க போன் வாங்க வேண்டும் என்பது விநோதமான வியாபாரம். பிரிட்டனில் ‘கம்ஸ் வித் மியூசிக்’ என்று இன்னொரு திட்டம்: 5800 வாங்கினால் ஒரு வருடத்துக்கு வேண்டிய பாட்டையெல்லாம் இறக்கிக்கொள்ளலாம், வருடம் முடிந்தும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பாட்டுகள் பூட்டு போட்டவை. நண்பருக்குத் தர முடியாது.

நம் ஊரில் அந்தத் திட்டத்துக்கு அவசியமே இருக்கவில்லை. தெருமுனை செல்போன் கடையில் மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்து, ‘இளையராஜா ஹிட்ஸ், புதுப்படம், கொஞ்சம் பக்திப் பாட்டு’ என்றால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள். உரிமை, ராயல்டி என்றெல்லாம் அங்கே யாரும் பேசியதில்லை. 8 ஜிபி கார்டு என்பது அன்று அந்தக் கடைக்காரரையே நிமிர்ந்து பார்க்கவைத்த அளவு.

கேமராவை இரண்டு வரியில் முடிக்கலாம். 3.2 மெகாபிக்சல், கார்ல் ஸைஸ் லென்ஸ், ஆட்டோபோகஸ், இரட்டை எல்இடி. வெயிலில் நல்ல படம், இரவில் தானியம் தூவிய படம். வீடியோ மட்டும் நொடிக்கு 30 சட்டங்களில் சீராக ஓடும்.

முன்பக்க கேமரா வீடியோ அழைப்புக்காக. அதற்கு 3ஜி வேண்டும். போன் இந்தியாவுக்கு வந்தபோது இங்கே 3ஜி கிட்டத்தட்ட இல்லை. சென்னையில் பிஎஸ்என்எல் 3ஜி சேவையைத் தொடங்கியது 2009 பிப்ரவரியில். தனியார் நிறுவனங்களுக்கு அலைக்கற்றை ஏலம் விட்டது 2010-இல். சேவை பரவலானது அதற்கும் பிறகு. அதுவரை ஏர்டெல், ஏர்செல், வோடபோன் வைத்திருந்த தமிழ்நாட்டு வாடிக்கையாளருக்கு அந்த முன் கேமரா கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவே. இணையம் என்றால் எட்ஜ் வேகத்தில் ஓபரா மினி. அதில் ரகசிய அமைப்புப் பக்கத்துக்குப் போய், சிக்கலான எழுத்துகளைப் படமாக அனுப்பும் தேர்வை மாற்றிவிட்டால், எழுத்துரு இல்லாத போனிலும் தமிழ்ப் பக்கங்கள் கட்டம் கட்டமாக உடையாமல் வரும். அன்று நண்பர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த வித்தை அது.

நோக்கியா உண்மையிலேயே ஐபோனை முந்திய ஓர் இடம் வரைபடம். நாவ்டெக் நிறுவனத்தை 810 கோடி டாலருக்கு வாங்கியிருந்த நோக்கியா, 2010 ஜனவரியில் குரல்வழி வழிகாட்டுதலை இலவசமாக்கியது; முதல் பட்டியலிலேயே 5800 இருந்தது. ஊரின் வரைபடத்தைக் கணினி மூலம் மெமரி கார்டில் ஏற்றிவிட்டால் டேட்டாவே தேவையில்லை. சிக்னல் இல்லாத மலைப்பாதையிலும் எங்கே திரும்ப வேண்டும் என்று போன் சொல்லும். மாதம் சில எம்பி டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழித்த காலத்தில் இதன் மதிப்பு இன்று புரிவது கடினம்.

நிரப்ப முடிந்த ஓட்டை, முடியாத ஓட்டை

2009 ஜனவரிக்குள் பத்து லட்சம் 5800 போன்கள் கடைகளுக்குப் போயின. அந்த ஆண்டின் முதல் காலாண்டில் மட்டும் 26 லட்சம். ஆரம்பத்தில் விற்றவை சிலவற்றில் காதில் வைத்துப் பேசும் ஸ்பீக்கர் ஈரம் கோத்துச் செயலிழந்தது. நோக்கியா குறையை ஒப்புக்கொண்டு பாகத்தை மாற்றியது. விற்பனை அதற்கெல்லாம் அசையவில்லை. வைஃபையை எடுத்துவிட்டு விலையைக் குறைத்த 5230 அடுத்து வந்தது. நடுத்தர வீடுகளில் முதல் டச் போன் பெரும்பாலும் அதுவாகவே இருந்தது.

இந்த எண்களே நோக்கியாவை ஏமாற்றியிருக்கலாம். ஐபோனின் ‘இல்லை’களை ஆப்பிள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தது. காப்பி-பேஸ்ட்டும் எம்எம்எஸ்ஸும் 2009 ஜூனில் மென்பொருளாக வந்தன. வீடியோ அதே மாதம் 3ஜிஎஸ் மாடலோடு வந்தது. பிளாஷும் முன் கேமராவும் 2010-இல் ஐபோன் 4-இல். லண்டன் மேடையில் 5800 ஜெயித்த பட்டியலில் பெரும்பகுதி இரண்டு வருடத்துக்குள் அழிந்துவிட்டது. மறுபக்கம், சுண்டினால் ஓடும் பட்டியல் 5800-க்கும் 2010 தொடக்கத்தில் மென்பொருள் மேம்படுத்தலாக வந்துசேர்ந்தது. போன் உடனே இளமையானது என்று வைத்திருந்தவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் திரைக்கு மேலிருந்த படலத்தை எந்த அப்டேட்டாலும் மாற்ற முடியாது. எஸ்60-இன் அஸ்திவாரத்தையும் அப்படியே. அதே அஸ்திவாரத்தில் 2009-இல் எழுப்பிய விலையுயர்ந்த என்97, நோக்கியாவின் மூத்த அதிகாரி ஆன்சி வான்யோகியே பின்னர் பெருத்த ஏமாற்றம் என்று ஒப்புக்கொள்ளும்படி ஆயிற்று. இருபதாயிரம் ரூபாய்ப் போனில் பொறுத்துக்கொண்டதை முதன்மைப் போனில் யாரும் பொறுக்கவில்லை.

2011 பிப்ரவரியில் நோக்கியா சிம்பியனைக் கைவிட முடிவெடுத்து மைக்ரோசாப்டுடன் கைகோத்தது. 2014 ஏப்ரலில் போன் தொழிலே மைக்ரோசாப்டுக்குப் போனது. வரித் தகராறில் மாட்டியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2006-இல் உற்பத்தி தொடங்கி ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, முதல் மாதச் சம்பளம் கொடுத்த ஆலை 2014 நவம்பர் 1-ஆம் தேதி நின்றது. அதற்கு 5800-ஐக் காரணம் காட்டுவது மிகை. ஒரு நல்ல விற்பனை, மாற வேண்டிய அவசரத்தை ஒரு வருடமாவது தள்ளிப்போட்டது என்ற அளவில் அதற்கும் பங்கு உண்டு.

அப்படியானால் 5800 நல்ல போனா? 2008 டிசம்பரில், இருபதாயிரம் ரூபாய் கையில் வைத்திருந்து, பாட்டும் பேச்சும் படமும் வேண்டும் என்று நினைத்தவருக்கு அதைவிட நல்ல தேர்வு சந்தையில் இல்லை. டச் போன் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள விரும்பியவருக்கு அது தவறான பாடப்புத்தகம். இரண்டு தீர்ப்பும் ஒரே போனைப் பற்றியவை. ஒன்று இன்னொன்றை ரத்து செய்யாது.

அலமாரியில் இன்னும் ஒன்றை வைத்திருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். ஜியோ சிம் எடுக்காது. 2ஜி இருக்கிற ஏர்டெலோ பிஎஸ்என்எல்லோ எடுக்கும், நானோ சிம்முக்கு ஓர் அடாப்டர் வாங்க வேண்டும். வாட்ஸ்அப் அந்தத் தலைமுறை நோக்கியாக்களை 2017-லேயே கைவிட்டது. இன்றைய பாதுகாப்பு முறைகள் புரியாததால் பெரும்பாலான இணையப் பக்கங்களை உலாவி திறக்காது. பாட்டு ஓடும், வீடியோ எடுக்கும், பூட்டுப் பொத்தான் இன்னும் பார்க்காமலே திறக்கும். பிஎல்-5ஜே பேட்டரி கடைகளில் கிடைக்கிறது. மெல்லிய பின் சார்ஜரைத் தேடுவதுதான் கொஞ்சம் கஷ்டம்.